ஒரு பேணிச் சோறு

தவரத்தினம் கண்ணை மூடியபோது றொபின்சனுக்கு அவர் கொடுக்க வேண்டியிருந்தது ஆயிரத்து நூற்றைம்பது ஈரோ. அப்படி ஒரு கடன் இருந்ததே அவர் மனைவி புனிதவதிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவருடைய தட்டில் இன்னும் இரண்டு அகப்பை சோறு விழுந்திருக்கும். மனிதர் இன்றைக்கும் லா சப்பல் கடைத்தெருவில் நடந்து திரிவார்.

எல்லாம் சீனி வருத்தத்தில் தொடங்கியது. தவரத்தினம் ஒபேராப் பக்கம் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரே தொட்டிக்கு முன்னால் நின்றவர். கை மட்டும்தான் ஓடும், மற்ற உடம்பு நின்ற இடத்தில் நிற்கும். சமையற்காரர் மிச்சம் விட்ட உருளைக்கிழங்குப் பொரியலைப் போகவர வாயில் போட்டுக்கொள்வார். வீட்டுக்கு வந்தால் குழைத்த சோறு குவியலாக வேண்டும். அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கப் புனிதவதிக்கும் பிடிக்கும். அப்படியே உடம்பு தொண்ணூற்றாறு கிலோவில் வந்து நின்றது. கால்விரலில் பட்ட சின்னக் காயம் ஒன்று ஆறாமல் கிடக்க, இரத்தம் சோதித்தார்கள். டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்குக் கணக்குச் சொல்ல மர்கரீத் என்ற பெண்ணிடம் அனுப்பினார்.

மர்கரீத்தின் தாய் தகப்பன் புதுச்சேரிக்காரர். அவள் பிறந்தது இங்கே என்றாலும் தமிழ் பேசினாள். தமிழ் கேட்டதும் புனிதவதிக்குப் பாதி வருத்தம் மாறியதுபோல இருந்தது. தவரத்தினம் என்ன வேலை செய்கிறார், ஒருநாளைக்கு எவ்வளவு நடக்கிறார், பாரம் தூக்குகிறாரா என்று மர்கரீத் ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் புனிதவதிதான் பதில் சொன்னாள். வெளியிடங்களில் அவருக்காகப் பேசுவது அவள் வழக்கம். அவர் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"இத பாருங்கம்மா," என்றாள் மர்கரீத். "வாய்க்குள்ள போறது ஒரு பக்கம், உடம்பு எரிக்கிறது ஒரு பக்கம். இப்ப உங்க வீட்டுக்காரருக்குப் போறது ஜாஸ்தி, எரியறது கம்மி. அதனால சோத்தக் குறைச்சு, நடையக் கூட்டுவோம். ஆனா ஒண்ணு. நாளைக்கு வேலை கூடிச்சுன்னா சாப்பாட்டையும் கூட்டணும். எங்கிட்ட வந்து சொல்லணும். இந்த மாத்திரையப் போட்டுகிட்டு, வயித்தக் காய விட்டு, பாரம் தூக்கினா சீனி சர்ருனு கீழ போயிடும். ஆளும் கீழ போயிடுவாரு."

புனிதவதி அதை மனதில் எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் கிடந்த சின்னத் தக்காளித் தகரப் பேணி ஒன்றைக் கழுவி, மர்கரீத் சொன்ன நிறைக்குச் சோறு போட்டுத் தராசில் பார்த்தாள். சரியாக இருந்தது. அன்றிலிருந்து அந்தப் பேணிதான் சட்டம். மத்தியானம் தலைதட்டி ஒரு பேணிச் சோறு, ஒரு துண்டு மீன், மிச்சமெல்லாம் மரக்கறி. காலையில் பேக்கரியில் வாங்கிய கறுப்புப் பாணில் இரண்டு துண்டும் ஒரு அவித்த முட்டையும். இரவில் சூப். வேலையிடத்தில் ஒன்றும் வாயில் வைக்கக்கூடாது.

அவர் அப்படி இருப்பார் என்று அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை ரூ பஜோல் தெருவில் இருக்கும் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கற்பூரம் எரியும்போது, தேர் முடியும்வரை புனிதவதியின் கையால் அளந்து தருவதைத் தவிர வேறொன்றும் தின்னமாட்டேன் என்று நேர்ந்துகொள்ளச் சொன்னாள். சீனி இறங்கினால் தேருக்கு நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பதாகத் தன் பங்குக்கும் நேர்ந்தாள்.

"பிள்ளையாரே தொந்தியோடைதானே இருக்கிறார். அவரிட்டை வந்து இதைக் கேக்கிறாய்," என்றார் தவரத்தினம்.

"அவர் கோப்பை கழுவிறேல்லை. நீங்கள் நேருங்கோ," என்றாள்.

அவர் சிரித்துக்கொண்டே நேர்ந்தார். ஆனால் நேர்ந்தது நேர்ந்ததுதான். பிள்ளையார் விஷயத்தில் அவர் ஒருநாளும் விளையாடியவர் இல்லை.

பின்னேரங்களில் இருவரும் நடக்கப் போனார்கள். மத்தியான வேலை முடிந்து, இரவு வேலை தொடங்குமுன் அவருக்கு ஒரு இடைவெளி உண்டு. ஸ்தாலின்கிராட் பாலத்துக்குக் கீழால் போய், வாய்க்கால் ஓரமாக ஒரு சுற்று. கலியாணம் கட்டி இத்தனை காலத்தில் அவர்கள் சேர்ந்து நடந்ததே இல்லை. இரண்டு பேருக்கும் வேலை, வேலை விட்டால் நித்திரை. அந்த நடையில்தான் புனிதவதி மனிதரைப் புதிதாகக் கண்டதுபோலக் கண்டாள். வாத்துகளுக்கு ஆள்பெயர் வைத்துக் கூப்பிடுவார். தண்ணீரில் போகும் படகைப் பார்த்து, உள்ளே இருப்பவர்கள் என்ன சமைக்கிறார்கள் என்று மணத்தை வைத்துச் சொல்வார். அவருக்கு அப்போது எப்போதும் சாப்பாட்டு நினைப்புத்தான்.

உடம்பு இறங்கியது. மெதுவாக, மர்கரீத் சொன்ன வேகத்தில் இறங்கியது. பங்குனி வரைக்கும் கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

பங்குனியில் கஜன் ஓடினான். கஜன் தவரத்தினத்தோடு ஒரே உணவகத்தில் காய்கறி வெட்டியவன். றொபின்சன் பிடித்த சீட்டில் அவனைச் சேர்த்துவிட்டு, அவனுக்குப் பிணை நின்றவர் தவரத்தினம். சீட்டை எடுத்த கையோடு அவன் லண்டன் பக்கம் மாறிவிட்டான். நாலாயிரத்து ஐந்நூறு ஈரோ. பிணை நிற்க வேண்டாம் என்று புனிதவதி தலைதலையாக அடித்துச் சொல்லியிருந்தாள். நிற்கவில்லை என்றுதான் அவர் அவளிடம் சொல்லியிருந்தார். இப்போது எந்த முகத்தோடு சொல்வது?

றொபின்சனுக்கு ரூ து ஃபொபூர் சேன்-தெனியில் பலசரக்குக் கடை. தெல்லிப்பழைப் பக்கத்துக் கத்தோலிக்கன், நல்லவன்தான், ஆனால் சீட்டுக்காசு அவனுடையதல்ல. தவரத்தினமே போய்க் கேட்டார். விடியப்புறம் லொறியில் வரும் சாமானை இறக்கி நிலவறைக்குள் அடுக்கித் தருகிறேன், காலைக்கு இருபத்தைந்து ஈரோ கழித்துக்கொள், வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்றார். றொபின்சன் ஒப்புக்கொண்டான்.

வீட்டுக்குத் தெரியாமல் செய்வது கஷ்டமாக இல்லை. புனிதவதி லா தெஃபோன்சில் அலுவலகங்கள் துப்புரவு செய்கிறவள். முதல் மெற்றோவில் போய்விடுவாள். போகும்போது மேசையில் இரண்டு துண்டுப் பாணையும் முட்டையையும் மூடிவைப்பாள். அவள் படி இறங்கியபின் அவர் எழும்பி, அதைச் சாப்பிட்டு, குளிசையைப் போட்டுக்கொண்டு கடைக்குப் போவார். அவள் திரும்பி வரும்போது முகம் கழுவிப் படுக்கையில் கிடப்பார். "இன்னும் படுத்துக் கிடக்கிறியளோ, உடம்பு எப்பிடி வத்தும்," என்று அவள் போர்வையை இழுப்பாள். அவர் எழும்புவார். பிறகு உணவகம். பிறகு வாய்க்கால் ஓரம் நடை. பிறகு மறுபடி உணவகம்.

அந்த வசந்தத்தில் உடம்பு மடமடவென்று வற்றியது. இடுப்புப் பட்டியில் ஆணியால் புதுத் துளை போட்டார், அதற்கு உள்ளே இன்னொரு துளை போட்டார். புனிதவதிக்குப் பெருமை தாங்கவில்லை. கோயிலில், சந்தையில், கண்ட இடத்தில் சொன்னாள். பெண்கள் அவளிடம் பேணியின் அளவு கேட்டார்கள். றொபின்சன் கடைக்குச் சாமான் வாங்கப் போனபோது அவனிடமும் சொன்னாள். அவன் கறிவேப்பிலையைக் கட்டிக்கொண்டு, "ஓம் அக்கா, அண்ணை நல்லாத்தான் மெலிஞ்சிட்டார்," என்றான். அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

நடையில் அவர் பின்தங்கத் தொடங்கினார். முன்பு வாத்துகளோடு பேசியவர் இப்போது உட்கார வாங்கில்களைத் தேடினார். "புனிதம், அஞ்சு நிமிசம் இருப்பமே," என்பார். இடையில் நிற்காமல் நடந்தால்தான் பலன் என்று மர்கரீத் சொன்னதை அவள் எடுத்து வைப்பாள். "ஆமை மாதிரி வாறியள். சோம்பல்." அவர் எழும்பி வருவார். ஒருநாள் அவருடைய கை நடுங்குவதைக் கண்டு கேட்டாள். கோப்பைத் தண்ணீரில் ஊறின கை, அப்படித்தான் என்றார். அவளும் துப்புரவு வேலைக்காரிதானே, நம்பினாள்.

ஆனியில் மர்கரீத்திடம் மறுபடி போனார்கள். தராசில் ஏற்றிப் பார்த்துவிட்டு அவள் நெற்றியைச் சுருக்கினாள். நான் நினைத்ததைவிட வேகமாக இறங்கியிருக்கிறது, வேலையில் ஏதாவது மாற்றமா என்று அவரைப் பார்த்துத்தான் கேட்டாள். அவர் வாயைத் திறந்தார். அதற்குள் புனிதவதி, "அதே வேலைதான் மேடம், ஒரு மாற்றமும் இல்லை. எல்லாம் என்ரை அளவு," என்றாள். அவர் வாயை மூடிக்கொண்டார். அந்த வாய் திறந்து மூடியதைப் பிறகு அவள் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்தாள். அந்த நேரத்தில் அவள் கண்டது தராசு முள்ளை மட்டும்தான்.

தேருக்கு முந்தின கிழமைகளில் லா சப்பல் கடைகளுக்குத் தேங்காய் வரும். தெருவெல்லாம் உடைக்க வேண்டுமே, லொறி லொறியாக வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வழமையைப்போல இரண்டு மடங்கு சாக்கு. தவரத்தினம் தேங்காய்ச் சாக்கைத் தோளில் வைத்துக்கொண்டு நிலவறைப் படியில் இறங்கினார். பாதிப் படியில் நின்றார். என்னண்ணை என்று மேலிருந்து றொபின்சன் கேட்டான். முதலில் தேங்காய்கள் உருண்டன.

ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தார். கண் விழிக்கவில்லை. தலையில் பட்ட அடி என்றார்கள். விழுந்ததற்குக் காரணம் சீனி மிகவும் கீழே போனது என்றும் சொன்னார்கள். றொபின்சன் வராந்தாவில் நின்று, அண்ணை அன்றைக்கு ஒரு உதவிக்கு வந்தவர் என்று மட்டும் சொன்னான். சீனி எப்படிக் கீழே போகும் என்பதுதான் புனிதவதிக்கு விளங்கவில்லை. கணக்குச் சரி. பேணி சரி. அவள் ஒருநாளும் குறைத்து அளக்கவில்லை.

தேர் அவர்கள் வீட்டு ஜன்னலுக்குக் கீழால்தான் போகும். வீட்டில் சாவுத் துடக்கு. கோயில்படி மிதிக்க முடியாது, தேங்காய் உடைக்க முடியாது. மேளம் வரும்போது அவள் ஜன்னலை மூடினாள். மூடியும் தேங்காய் உடையும் சத்தம் கேட்டது. நேர்த்திக்கென்று அவள் றொபின்சன் கடையில் சொல்லி எழுதிவைத்த நூற்றெட்டுத் தேங்காயும் அந்தக் குவியலில் இல்லை. அன்றைக்குத் தேர் இருப்பிடத்துக்குத் திரும்பியதோடு அவருடைய நேர்த்தி முடிந்தது. நாளையிலிருந்து அவர் எதையும் தின்னலாம் என்று நினைத்தபோதுதான் அவளுக்கு முதன்முதலாக அழுகை வந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் றொபின்சனும் மனைவி தயாளினியும் வந்தார்கள். தேத்தண்ணி கொடுத்தாள். அவன் குடிக்கவில்லை.

"அக்கா, அண்ணை எனக்கு ஆயிரத்து நூற்றைம்பது தர இருந்தவர். அது வேண்டாம். விட்டாச்சு. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"என்ன காசு?"

அவன் சொன்னான். கஜன், சீட்டு, பிணை, லொறி, எல்லாம். சொல்லும்போது தயாளினி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புனிதவதி கடனைப்பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஓடினவனையும் கேட்கவில்லை.

"எப்ப தொடக்கம்?"

"மார்ச் கடைசியிலையிருந்து, அக்கா."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஞாயிறு தவிர."

"அங்கை ஏதும் சாப்பிட்டவரோ?"

தயாளினிதான் சொன்னாள். கடைக்குப் பின்னால் அவள் காலமையில் றோல்ஸ் பொரிப்பாளாம். லொறி இறக்குகிறவர்களுக்கெல்லாம் சுடச்சுடக் கொடுப்பாளாம்.

"அவர் மட்டும் எடுக்கிறேல்லை அக்கா. விரதம் எண்டுவார். எந்தச் சாமிக்கு இவ்வளவு நீட்டு விரதம் எண்டு பகிடிக்குக் கேட்டன். வீட்டுச் சாமிக்கு எண்டு சொல்லிச் சிரிச்சார்."

புனிதவதி எழும்பிக் குசினிக்குள் போனாள். பேணி அலமாரியில் இருந்தது. அதைக் கையில் எடுத்தாள், வைத்தாள். திரும்பி வந்து, அந்தக் காசை விட வேண்டாம், நான் வந்து செய்து கழிக்கிறேன் என்றாள். றொபின்சன் பதறிப்போனான். பொம்பிளை, மூட்டை தூக்குவதா, ஊர் என்ன சொல்லும், எனக்குத்தான் பாவம் என்று என்னென்னவோ சொன்னான்.

"உன்ரை காசுக்கு இல்லைத் தம்பி," என்றாள் புனிதவதி. "அந்த மனுசனுக்கு எவ்வளவு பசிச்சது எண்டு எனக்குத் தெரியோணும்."

துப்புரவு வேலையைப் பின்னேரத்துக்கு மாற்றிக்கொண்டாள். முதல் நாள் காலை, மேசையில் இரண்டு துண்டுக் கறுப்புப் பாணும் ஒரு முட்டையும் வைத்துச் சாப்பிட்டாள். சீனி போடாத தேத்தண்ணி குடித்தாள். கடைக்குப் போனாள். அரிசி மூட்டையை அவளால் தோளில் ஏற்ற முடியவில்லை, இழுத்தாள். வெங்காயப் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படி இறங்கினாள். கத்தரிக்காய்ப் பெட்டி, மரவள்ளிப் பெட்டி, தேங்காய். அரை மணித்தியாலத்தில் பசியில் வயிறு திறந்துகொண்டது. பிறகு கை நடுங்கியது. வாய்க்கால் ஓரத்தில் அவருடைய கை நடுங்கிய அதே நடுக்கம். நெற்றியில் குளிர்ந்த வியர்வை வந்தது. அவளுக்குச் சீனி வருத்தம் இல்லை, அவள் குளிசை போடுகிறவள் இல்லை. அப்படியிருந்தும் இப்படி.

படியில் குந்தினாள். மேலே எண்ணெய் கொதித்து, றோல்ஸ் மணம் நிலவறை முழுக்க இறங்கியது. தயாளினி தட்டை நீட்டினாள். ஐந்து மாதம் ஒவ்வொரு காலையும் இந்தத் தட்டு அவருக்கு முன்னால் நீண்டிருக்கிறது. புனிதவதி தலையை ஆட்டினாள். வேண்டாம். தயாளினி அவள் பக்கத்தில் படியில் இருந்துவிட்டாள்.

அந்தக் கிழமை மர்கரீத்திடம் போய்க் கதையைச் சொன்னாள். மர்கரீத் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உங்க கணக்கு தப்பில்லம்மா, அவரு சொல்லாத வேலைக்கு யாரு சோறு அளக்க முடியும் என்றாள். ஓம் என்று புனிதவதி தலையாட்டினாள். அவர் சொல்லத்தான் வந்தவர், நான்தான் வாயை அடைத்தேன் என்று சொல்ல வந்து, சொல்லாமல் வந்துவிட்டாள். திரும்பும் வழியில் வாய்க்கால் ஓரம் நடந்தாள். அவர் ஐந்து நிமிடம் கேட்ட வாங்கிலில், கால் விறைக்கும்வரை இருந்தாள்.

கடன் தீரும்வரை காலையில் இரண்டு துண்டுப் பாணுக்கும் முட்டைக்கும் மேல் போகவில்லை. சட்டை தொளதொளவென்று ஆனது. சேன்-தெனி நகரில் குடியிருக்கும் மகள் லக்ஷனா வந்து பார்த்துவிட்டு, பிரெஞ்சில் ஏசினாள், பிறகு தமிழில் கெஞ்சினாள். மத்தியானங்களில் அவருடைய படத்துக்கு முன்னால் புனிதவதி சோறு வைப்பாள். பழக்கத்தில் கை பேணியை எடுத்துவிடும். எடுத்ததை வைத்துவிட்டு, அகப்பையால் அள்ளிக் குவிப்பாள். படம் தின்னாது. பிறகு அந்தச் சோறு ஆறிப்போய்க் கிடக்கும்.

நத்தார்ப் பண்டிகைக்குச் சோடித்த விளக்குகள் கடைக்கு முன்னால் எரிந்த ஒரு காலையில், கடைசிப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மேலே வந்தாள். றொபின்சன் கல்லாவுக்குப் பின்னால் இருந்து எழும்பி வந்தான். அவளுக்கு முன்னால் நிற்கத் தெரியாமல் நின்றான்.

"முடிஞ்சுது அக்கா. இனி ஒரு சதமும் இல்லை."

"வடிவாப் பார்த்தனியோ?"

"ஓம். கஜன்ரை சீட்டும் சரி, அண்ணையின்ரை பிணையும் சரி."

அவள் முன்சீலையை அவிழ்த்தாள். தயாளினி தட்டோடு வந்தாள். இவ்வளவு நாளும் நீட்டியது போலவேதான் நீட்டினாள், வேண்டாம் என்ற தலையாட்டலை எதிர்பார்த்துத்தான். புனிதவதி ஒன்றை எடுத்தாள். நிலவறைப் படியில் போய் இருந்து கடித்தாள். நாக்குச் சுட்டது. உருளைக்கிழங்கும் மீனும் மிளகும். மென்று முடிக்குமுன் இன்னொன்றை எடுத்தாள். கண்ணால் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, வாய் மட்டும் நிற்கவில்லை. தயாளினி தட்டை அவள் மடியில் வைத்துவிட்டுப் போனாள்.

"இன்னும் பொரிக்கட்டோ அக்கா?" என்று உள்ளேயிருந்து கேட்டாள்.

"ஓம்," என்றாள் புனிதவதி. "அவருக்கும் ரெண்டு கட்டித் தா."

றொபின்சன் றோல்ஸுக்குக் காசுக்கணக்கு அடிக்கப் போகிறானோ என்று பார்த்தாள். அவன் கல்லாவைத் தொடவில்லை. பையை அவள் கையில் கொடுத்துவிட்டு, கதவைத் திறந்துவிட்டான்.